இருபது விநாடி வெளிச்சம், நாற்பது நிமிடக் காத்திருப்பு: ஓர் ஒளிச்சிகிச்சைப் பிரிவின் மதிப்பீடு

மருத்துவர்கள் சொரியாசிஸ் என்றும், சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்றும், என் அம்மா வெறுமனே "அந்தச் சொறி" என்றும் குறிப்பிடும் நோயுடன் நான் 18 ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் களிம்புகளுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த அது, சென்ற ஆண்டு முதுகு முழுவதும் பரவத் தொடங்கியது. இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் எனப்படும் அரசு வட்டார மருந்தகத்தின் மருத்துவர் கொடுத்த பரிந்துரைக் கடிதத்துடன் ஒரு சிறப்பு மருந்தகத்தின் ஒளிச்சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து, 13 வாரங்களில் 31 முறை அங்கிருக்கும் விளக்குக் கூண்டுக்குள் நின்றுவிட்டு வந்தேன். அந்தப் பிரிவில் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்பதே இக்கட்டுரை. மருந்தகத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அங்கே ஓயாமல் உழைக்கும் தாதியரின் தலையில் போய் விழுவதில் எனக்கு விருப்பமில்லை.

சிகிச்சை என்னவென்று தெரியாமல் மதிப்பீட்டைப் படிப்பதில் பயனில்லை என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மேல்தோலின் உயிரணுக்கள் அடியில் பிறந்து மேலே வந்து உதிர்வதற்குச் சாதாரணமாக ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே அவற்றை விரட்டுவதால் அந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் முடிந்துவிடுகிறது. முற்றாத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வெள்ளிச் செதில்களாகத் தெரிகின்றன. இது தொற்றாது, முழுமையாகக் குணமாகவும் செய்யாது, அடக்கி வைக்கலாம். புற ஊதா ஒளியில் 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையை மட்டும் உமிழும் குழல் விளக்குகளின் நடுவே நோயாளியை நிறுத்தி, தோலில் உள்ள நோயெதிர்ப்பு அணுக்களின் ஆர்ப்பாட்டத்தையும் மேல்தோலின் அவசரத்தையும் தணிப்பதுதான் இச்சிகிச்சை. ஒளியைக் கொண்டு தோலுக்கு மருத்துவம் பார்ப்பது புதிதல்ல. தோல் காசநோய்க்கு ஒளிச்சிகிச்சை அளித்த நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-லேயே நோபல் பரிசு கிடைத்திருக்கிறது.

"வருஷம் பூரா வெயில் அடிக்கிற ஊர்ல காசு கொடுத்து வெளிச்சம் வாங்குறியா?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் முதலில் அதையே கேட்டேன். வெயிலில் பல அலைநீளங்களும் கலந்திருக்கின்றன. பயன் தரும் பகுதி போதிய அளவு கிடைப்பதற்குள் சுட்டுவிடும் பகுதி தன் வேலையைக் காட்டிவிடுகிறது. மேலும், ஈசூன் வட்டாரத்தில் காலை பத்து மணி வெயிலும் மேகம் மூடிய பன்னிரண்டு மணி வெயிலும் எத்தனை மில்லிஜூல் ஆற்றல் என்று நமக்கு யாரும் அளந்து தருவதில்லை. நான் பணம் கொடுத்தது அந்த அளவுக்குத்தான்.

கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய தொலைபேசிக் கூண்டைவிடச் சற்று அகலமான எண்கோணப் பெட்டி. சுற்றிலும் ஆளுயரக் குழல் விளக்குகள், அவற்றுக்கு முன்னால் கம்பி வலை, மேலே ஒரு மின்விசிறி. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்துக்குத் துணி, ஆண்களுக்கு அடிவயிற்றுக்குக் கீழே ஓர் உறை. இந்த மூன்றும் கட்டாயம். உள்ளே கால் வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதங்களின் வடிவம் ஒட்டப்பட்டிருந்தது. என் முறைக்கு முந்தைய ஆளின் செதில்கள் அதன்மேல் கிடந்தால் தாதி ஒரு சொல்லும் பேசாமல் துடைத்துவிட்டுப் போவார். கதவு மூடியதும் ஒரு கிளிக், பிறகு ஊதா கலந்த நீல வெளிச்சம், ஏதோ சூடான உலோகத்தின் மெல்லிய வாடை. முதல் நாள், "தயாரா?" என்ற கேள்விக்கு "தயார்" என்று சொல்லி முடித்துக் கைகளைச் சரியாகத் தூக்குவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. இருபது விநாடிதான். அந்த இருபது விநாடிக்காக நான் வெளியே காத்திருந்தது நாற்பது நிமிடம். போகப் போக, ஒவ்வொரு முறையும் பத்து முதல் இருபது விழுக்காடு வரை அளவைக் கூட்டிக்கொண்டே போனதில், கடைசி வாரங்களில் கூண்டுக்குள் நிற்கும் நேரம் சில நிமிடங்களாக நீண்டது. காத்திருக்கும் நேரம் மட்டும் கடைசி வரை குறையவே இல்லை. உடை மாற்றும் அறை இரண்டு, ஒவ்வொன்றிலும் மாட்டுவதற்கு ஒரே ஒரு கொக்கி. சட்டை, கால்சட்டை, பை, குடை எல்லாம் அந்த ஒன்றில்தான். ஒருநாள் என் மேல்சட்டையை அணிந்துகொண்டு பக்கத்து அறையிலிருந்தவர் கிளம்பிவிட்டார். மின்தூக்கி வாசலில் பிடித்தேன்.

இவ்வளவு குறை சொல்லும் நான் அந்தப் பிரிவுக்கு ஏன் நல்ல மதிப்பெண் தருகிறேன் என்றால், அதற்கு ஒரே ஒரு தாதிதான் காரணம். ஒவ்வொரு முறையும் கூண்டுக்குள் அனுப்புவதற்கு முன், சென்ற முறை தோல் சிவந்ததா, எரிந்ததா, எத்தனை மணி நேரம் நீடித்தது என்று கேட்டு, அதற்கேற்ப அன்றைய அளவைக் கூட்டவோ அப்படியே வைக்கவோ குறைக்கவோ வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் வேறு தாதியர் கேட்டார்கள். "சிவந்ததா?" என்பார்கள், "இல்லை" என்பேன், அளவு கூடும். நான் பொய் சொல்லவில்லை. என் நிறத்துத் தோல் சிவப்பதே இல்லை. ஐந்தாம் முறைக்குப் பிறகு முதுகில் சட்டை உரசினாலே காந்தியது, படுக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் சற்றுக் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஆறாம் முறை பணியில் இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே எட்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். அவர் என் சிகிச்சை அட்டையைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார், பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையை என் தோள்பட்டைக்குக் கீழே வைத்தார்.

"அங்கிள், சிவந்துச்சான்னு கேட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்? தொட்டா சூடா இருந்துச்சா? துண்டு பட்டா வலிச்சுச்சா? ராத்திரி எந்தப் பக்கம் படுத்தீங்க?"

அன்று எனக்குச் சிகிச்சை இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த முறை அளவைக் குறைத்துத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஒருமுறைகூட எனக்குச் சுடவில்லை. கறுத்த தோலில் அழற்சி பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது, ஊதாவாகவோ சாம்பலாகவோ அடர்பழுப்பாகவோதான் தெரியும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள செய்திதான். ஆனால் அந்தப் பிரிவு எனக்குக் கொடுத்த கையேட்டில் இருந்த ஒன்பது படங்களும் வெளிர்ந்த தோலில் எடுக்கப்பட்டவை. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-இல் வகுத்து, பின்னர் விரிவாக்கப்பட்ட அளவுகோலின்படி, சீக்கிரம் சுட்டுவிடும் வெளிர்தோல் முதல் வகை, மிக அடர்ந்த தோல் ஆறாம் வகை. என் அட்டையில் ஐந்து என்று எழுதியிருந்தார்கள். தொடக்க அளவை முடிவு செய்யும்போது என் நிறத்தைக் கணக்கில் எடுத்தவர்கள், கேள்வி கேட்கும்போது அதை மறந்துவிட்டார்கள். இந்த ஊரில் தமிழர்களும் மலாய்க்காரர்களும் அந்த வாசலில் தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள். கையேட்டை மாற்றி அச்சிடுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

அதே தாதிதான் இன்னொரு கேள்வியையும் கேட்டார், அதுவும் படிவத்தில் இல்லாத கேள்வி. ஒளியைத் தோல் அதிகமாக வாங்கிக்கொள்ளும்படி செய்யும் மருந்துகள் சில உண்டு. டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அவற்றுள் அடங்கும். அதனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று படிவத்தில் கேட்டிருந்தது, ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன். "மாத்திரை இல்ல சரி, குளிக்கிறதுக்கு என்ன போடுறீங்க?" என்றார். என் மனைவி தேக்காவில் (லிட்டில் இந்தியா) நாட்டு மருந்துச் சாமான்கள் வாங்கி வந்து அரைக்கும் குளியல் பொடி என்றேன். அதில் என்னென்ன என்று கேட்டார். பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ என்று சொல்லிக்கொண்டே போய்க் கார்போகரிசி என்றதும் கையை நீட்டி நிறுத்தினார். கார்போகரிசியில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. நம் முன்னோர் அதை வெண்புள்ளிக்குக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொன்னதும், 1974-இல் அமெரிக்காவில் அதே சோராலன் வகைப் பொருள் ஒன்றை மாத்திரையாகக் கொடுத்து நீண்ட அலைப் புற ஊதாக் கதிரில் சொரியாசிஸ் நோயாளிகளை நிறுத்தி வெற்றி கண்டதும் ஒரே அடிப்படையில்தான். மருத்துவர் அளந்து கொடுத்தால் அது சிகிச்சை. பொடியாகப் பூசிக்கொண்டு, கணக்கில் சேராமல் கூண்டுக்குள் போனால் கொப்புளம் கிளம்பக்கூடும். அன்றிலிருந்து பயத்தமாவு மட்டும் போட்டுக் குளித்தேன். வெட்பாலைத் தைலத்தையும் சிகிச்சை நாள் காலையில் தடவ வேண்டாம் என்று சொன்னார். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊறும் அந்த அடர்ஊதா எண்ணெய், கெட்டியாகப் பூசினால் ஒளிக்குத் திரை போட்டுவிடுமாம். நாட்டு மருந்தைக் கேலி செய்யாமல், தூக்கி எறியவும் சொல்லாமல், எப்போது வேண்டாம் என்று மட்டும் சொன்ன முதல் மருத்துவப் பணியாளர் எனக்கு அவர்தான். (இணையத்தில் "மூலிகைக் களிம்பு" என்று விற்பவை வேறு விஷயம். அவற்றில் அறிவிக்காமல் வீரியமான ஸ்டீராய்டைக் கலப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.)

களிம்பு பூசுவதற்கும் எனக்கு அங்கேதான் பாடம் நடந்தது. பதினெட்டு ஆண்டு அனுபவசாலிக்கு என்ன பாடம் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை நீளமாகப் பிதுக்கினால் வருவது ஏறக்குறைய அரை கிராம். அது பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதும். முதுகும் பிட்டமும் முழுவதற்கும் ஏழு விரல்நுனி அளவு வேண்டும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன், உடனே பெருக்கிப் பார்த்தேன். ஒருமுறைக்கு மூன்றரை கிராம், 15 கிராம் குழாய் நாலு முறைக்குத்தான் வரும். அதே குழாயை வைத்துக்கொண்டு நான் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்; பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்று மருத்துவரிடம் குறை வேறு சொல்லியிருக்கிறேன்.

செலவைப் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு வார்த்தை. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனால்தான் மானியக் கட்டணம். நேரே போனால் தனியார் நோயாளிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் சொரியாசிஸ் இடம்பெற்றிருப்பதால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆண்டு வரம்பை 2021-இல் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றும், ஒன்றுக்கு மேற்பட்ட நாட்பட்ட நோயோ சிக்கலோ உள்ளவர்களுக்கு 700 வெள்ளி என்றும் வைத்தார்கள். கட்டணத்தில் 15 விழுக்காட்டை நான் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. எனக்குப் பணத்தைவிட நேரம்தான் அதிகம் செலவானது. வாரம் மூன்று முறை, தொடர்ந்து மூன்று மாதம். இரண்டு முறை தவறினால் அளவைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்குவார்கள். காலை எட்டு மணிக்குக் கிடைத்த இடம் ஒரு மாதத்துக்குப் பிறகு பறிபோய்ப் பதினொன்றரை ஆனது, என் மேலாளர் முகம் சுளிக்க ஆரம்பித்தார். வேலைக்குப் போகிறவர்கள்தான் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் என்று தெரிந்தும், மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கை எரிக்காத காரணம் எனக்கு விளங்கவில்லை.

விளக்கு என்னவோ தன் வேலையைச் செய்தது. ஒன்பதாம் முறைக்குள் செதில் உதிர்வது நின்றது. காலையில் படுக்கை விரிப்பை உதறுவதை என் மனைவி நிறுத்தினார். இருபதாம் முறைக்குள் திட்டுகள் தடவினால் தெரியாத அளவுக்குத் தட்டையாகின. முப்பத்தொன்றில் முதுகு சுத்தம். கணுக்காலுக்கு மேலே மட்டும் பிடிவாதமாக இரண்டு திட்டுகள். நோய் இருந்த இடங்களில் கருந்தழும்பு போன்ற நிறமாற்றம் நின்றது, அது மறைய மாதக்கணக்காகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உடல் முழுவதும் ஒரு சுற்றுக் கறுத்தும்விட்டேன். இதற்கு மட்டும் எந்த மருந்தகமும் தயார்ப்படுத்துவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் மூன்று பேர், நலம் விசாரிப்பதற்கு முன்னால், "என்னப்பா இப்படிக் கறுத்துப் போயிட்ட?" என்றார்கள். திட்டுத் திட்டாக உரிந்துகொண்டிருந்தபோது ஒருவரும் வாய் திறந்து கேட்டதில்லை. பார்வையை மட்டும் திருப்பிக்கொள்வார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். என் அப்பாவுக்கும் இதே நோய். 1988-இல் தேசியச் சரும நிலையம் தொடங்கும் வரை தோல் நோய்க்கும் பாலியல் நோய்க்கும் மிடில் ரோடு மருத்துவமனைதான் என்பதால், யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று அஞ்சிப் பேருந்தை இரண்டு நிறுத்தம் தள்ளிவிட்டு இறங்கி நடந்து போவாராம். சேர்ந்த அன்று எனக்குப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். தோல் நோய் சென்ற ஒரு வாரத்தில் உடை, வேலை, உறவு, ஓய்வு நேரம் ஆகியவற்றை எவ்வளவு பாதித்தது என்று கேட்டு முப்பதுக்கு மதிப்பெண் போடும் தாள் அது, 1994-இலிருந்து உலகெங்கும் புழங்குவது. நான் 17 வாங்கினேன். நல்ல தாள்தான், ஆனால் சென்ற ஒரு வாரத்துக்குள் தைப்பூசம் வராது. பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை அலகு குத்திக் காவடி எடுத்த ஆண்டில், மூன்று வாரம் கழித்து ஒவ்வொரு குத்திலும் ஒரு புதிய திட்டு கிளம்பியது எனக்கு. காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் முளைப்பதைக் கோப்னர் என்ற ஜெர்மானியர் 1872-லேயே விவரித்திருக்கிறார். அதன் பிறகு நான் பால்குடம் மட்டும் எடுக்கிறேன், அதுவும் சட்டையோடு. இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் தாளில் இதற்கு இடமுமில்லை.

என் முக்கியமான குறை கடைசி நாளைப் பற்றியது. முப்பத்தொன்றாம் முறை முடிந்ததும் அட்டையில் "முடிந்தது" என்று முத்திரை குத்தி, வாழ்த்துச் சொல்லி, கட்டணம் செலுத்தும் இடத்தைக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்த அந்தத் தாதி அன்று விடுப்பு. பத்துக் கேள்வித் தாளை மறுபடி கொடுத்து 17 எவ்வளவாகக் குறைந்தது என்று பார்க்கவில்லை. களிம்பை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, திட்டு மீண்டும் தலைகாட்டினால் எந்த அளவில் யாரைக் கூப்பிடுவது, இதுவரை வாங்கிய மொத்த ஒளி எவ்வளவு என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. அந்த மொத்தக் கணக்கு முக்கியம். ஆண்டுக்கணக்கில் ஒளி சேரச் சேரத் தோல் புற்றுநோய் அபாயத்தைக் கவனிக்க வேண்டியிருக்கும் என்பதால், வேறு இடத்துக்குப் போனாலும் அது கையில் இருக்க வேண்டும். மூட்டுகளைப் பற்றி 31 முறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டழற்சியும் வருகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க அரை மணி நேரம் ஆவதை நான் வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். பலதுறை மருந்தகத்தில் வேறு எதற்கோ போனபோது, விரல்நகங்களில் ஊசி குத்தியது போன்ற குழிகளைப் பார்த்த இளம் மருத்துவர்தான் மூட்டு மருத்துவரிடம் அனுப்பினார்.

சிகிச்சை முடிந்த ஐந்தாம் மாதம் திட்டுகள் திரும்பின. அது மருந்தகத்தின் குற்றமில்லை, இந்நோயின் இயல்பே அதுதான். ஆனால் முதல் திட்டு வந்ததிலிருந்து மீண்டும் சரியான ஆளிடம் போய்ச் சேர எனக்கு ஏழு வாரமாயிற்று, புதிதாகப் பரிந்துரைக் கடிதம், புதிதாக வரிசை. ஐந்து நட்சத்திரத்தில் விளக்குக்கும் அந்தத் தாதிக்கும் சேர்த்து மூன்றரை தருகிறேன். கைகால்களிலும் முதுகிலும் பரவலாகத் திட்டு உள்ளவர்கள், ஊசி மருந்துக்குப் போவதற்கு முன், வாரம் மூன்று நாள் ஒதுக்க முடியுமானால் தயங்காமல் முயலலாம். தலையில் மட்டும் உள்ளவர்களுக்குப் பயன் குறைவு, முடி மறைத்துக்கொள்ளும். சிங்கப்பூரின் மறுகோடியில் வேலை பார்ப்பவர்கள் முதலில் மேலாளரிடம் பேசிவிடுங்கள்.

வரும் திங்கட்கிழமை எனக்கு இரண்டாம் சுற்று தொடங்குகிறது. பழைய அட்டையை முதல் நாளே ஒளிப்படம் எடுத்துக்கொள்வதற்காகத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். மனைவி புதிதாகப் பொடி அரைத்துவிட்டார், கார்போகரிசி இல்லாமல். சட்டை மாட்டுவதற்குக் கொக்கி ஒன்று, ஒட்டும் வகையில், தேக்காவில் இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன். உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன், யாரும் தடுக்காவிட்டால்.